ஸாலிஹ் ஹாஜியார் கடைப் படங்கு

சபைத் தலைவர் சிவமணி முதலாளி அவர்களே, பள்ளிவாசல் கதீப் அவர்களே, எங்கள் மாதா கோயில் சுவாமியார் அவர்களே, கதிரை கிடைத்து முன்னால் இருக்கும் பெரியோர்களே, கதிரை கிடைக்காமல் சுவரோடு நிற்கும் சகோதரர்களே, உள்ளே வருவதா விடுவதா என்று யன்னலுக்கு வெளியே நின்று யோசிக்கும் தம்பிமாரே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். யன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். நான் பேச வந்ததில் பாதி உங்களுக்கு.

என் பெயர் யேசுரட்ணம். சந்தியில் பேக்கரி வைத்திருப்பவன். ‘சண்டைக்காரப் பேக்கரிக்காரன்’ என்று எனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பது எனக்குத் தெரியும். வைத்தவர் யாரென்றும் தெரியும். தலைமைக் கதிரையில்தான் இருக்கிறார். இன்றைக்கு அவரோடு சண்டை பிடிக்க மாட்டேன். ஹாஜியாருக்காக விடுகிறேன்.

கனவான்களே! மறைந்த வர்த்தகர், நமது சங்கத்தின் பொருளாளர், அல்ஹாஜ் ஸாலிஹ் மரைக்கார் அவர்களை நீங்கள் ஹாஜியார் என்றீர்கள். நான் அவர்கள் வழக்கப்படி அண்ணன் முறையில் ‘நானா’ என்றேன். என் பேக்கரி வாசலில் நின்றால் நேரே எதிரில் அவருடைய புடவைக்கடை. இருபது வருடத்துக்கு மேலாக நான் காலையில் கண்ட முதல் முகம் அந்த முகம். கோபம் வந்தால் மூக்கைச் சொறிவார். விலை பேசும்போது பொய்யாக எழுந்து போவார். தேத்தண்ணீரில் என் பாணைத் தோய்த்துத் தின்றுகொண்டே, “யேசுரட்ணம், இண்டக்கிப் பாண் கல்லு மாதிரி ஈக்கி” என்று முழுத் தெருவுக்கும் கேட்கச் சொல்வார். நல்ல மனிதர் என்று எல்லோரும் பேசிவிட்டீர்கள். நல்ல மனிதர்தான். ஆனால் லேசான மனிதர் அல்ல.

அவருடைய கடை சந்தியின் மூலையில் இருக்கிறது. அது எங்கள் தெருவுக்கு என்ன கடை என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். எங்கள் கடைகளுக்கெல்லாம் கதவு இல்லை, பலகைதான். காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றுவோம், இரவில் ஒவ்வொன்றாகப் பொருத்துவோம். ஊரில் ஏதாவது கலவரம் என்று கதை வந்தால் நாங்கள் பொலிஸைப் பார்ப்பதில்லை, கோயிலைப் பார்ப்பதில்லை, பள்ளியைப் பார்ப்பதில்லை. ஹாஜியார் கடையைப் பார்ப்போம். மூலைக்கடைக்காரருக்கு இரண்டு தெருவும் தெரியும் அல்லவா? அவர் ஒரு பலகை வைத்தால் பக்கத்துக் கடை இரண்டு வைக்கும். கண் மூடித் திறப்பதற்குள் சந்தி முழுவதும் பலகையாகிவிடும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் இந்தத் தெருவில் வியாபாரம் செய்யும் எவரும் இதை மீறியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டுக் கலகத்தில் ஹாஜியாருக்கு மீசை அரும்பும் வயது. கடை அவருடைய வாப்பாவின் கையில் இருந்தது. புறக்கோட்டையில் முஸ்லிம் கடைகளை உடைக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் வாப்பா பலகையைத் தூக்கினார். தெரு முழுவதும் தூக்கியது. எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். பிறகு வந்தார்கள். ஒரு பெரிய படையா வந்தது? இல்லை! ஒரு சிறு கூட்டம். ஆளில்லாத தெருவில், ஆறுதலாக, வெற்றிலை போட்டுக்கொண்டு, பலகையைக் கோடரியால் பிளந்து புடவைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். ஹாஜியார் இதை என்னிடம் பலமுறை சொன்னார். “தெருவில ஆக்கள் ஈந்திருந்தா அவங்க கிட்டக்கூட வந்திருக்க மாட்டாங்க, யேசுரட்ணம். அந்த நாலு பேருக்குப் பயந்து நாங்க தெருவயே குடுத்துட்டோம்.” வாப்பா மௌத்தாகிக் கடை கைக்கு வந்த பிறகு, ஹாஜியார் பகலில் பலகை வைக்கவே இல்லை.

இல்லை, ஒரு தடவை வைத்தார்! சிவமணி முதலாளி சிரிக்கிறார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது. துறைமுக வேலைநிறுத்தம் நடந்த காலம். ஊரே நெருப்பில் நின்றது. ஹாஜியாருக்கு அன்று காலை பட்டுப் புடவைகள் வந்து இறங்கின. கடை மேற்குப் பார்த்த கடை. பின்னேரம் துறைமுகப் பக்கமிருந்து வெயில் நேரே உள்ளே அடிக்கும், பட்டு வெளிறிவிடும். மனுசன் ஒன்றும் யோசிக்காமல் வெயிலுக்கு மறைப்பாக இரண்டு பலகையைப் பொருத்திவிட்டு உள்ளே போய்க் கணக்குப் பார்க்க இருந்துவிட்டார்.

போச்சு! பக்கத்துக் கடைக்காரர் பார்த்தார், பலகையைத் தூக்கினார். சிவமணி முதலாளி தராசில் இருந்த சீனியையும் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டினார். வாடிக்கைக்காரர் உள்ளே! அந்த அம்மா உள்ளேயிருந்து பலகையைத் தட்டித் தட்டிக் கத்துகிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டு, கொள்ளை தொடங்கிவிட்டது என்று அடுத்த தெருவும் பூட்டியது. ஹாஜியார் வெளியே எட்டிப் பார்த்தால் சந்தியில் ஒரு நாய்கூட இல்லை. “என்ன யேசுரட்ணம், ஆரு மௌத்து?” என்று என்னைக் கேட்கிறார்! விசயம் விளங்கியதும் அவர் சிரிக்கவில்லை. மூக்கைச் சொறிந்தார். கடை கடையாகப் போய்ப் பலகையைத் தட்டி, “ஒண்டுமில்ல, வெயில், வெயில்” என்று சொல்லித் திறப்பித்தார். அடுத்த நாளே கப்பலுக்குப் பாய் தைக்கும் ஆளைப் பிடித்து, தடித்த துணியில் ஒரு படங்கு தைப்பித்தார். பின்னேரமானால் படங்கை இறக்குவது, கடையைத் திறந்தே வைப்பது. பெரிய படங்கு, ஒருவரால் இறக்க முடியாது. இரண்டு பக்கமும் கயிறு. ஒரு கயிறு அவர் பிடிப்பார். மற்றதுக்கு, “யேசுரட்ணம்!” என்று ஒரு சத்தம். மாவுக்கையோடு தெருவைக் கடந்து போவேன். திட்டிக்கொண்டுதான் போவேன். ஆனால் போவேன்.

சகோதரர்களே! இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன், ஏனென்றால் நடக்காததை நீங்கள் வேண்டிய அளவு கேட்டுவிட்டீர்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நோபேட் என்பவன், சாராயம் குடித்துவிட்டு, தன்னோடு வேலை செய்யும் பெரியதம்பியோடு சீட்டாட்டத்தில் கொளுவிக்கொண்டு, அவனைத் துரத்திக்கொண்டு சந்திக்கு வந்தான். கையில் கத்தி. பெரியதம்பி ஹாஜியார் கடை வாசலில் விழுந்தான். ஹாஜியார் அளந்துகொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு இறங்கி வந்து நடுவில் நின்றார். கத்தி அவருக்குப் பட்டது. இவ்வளவுதான். குத்தியவன் வேதக்காரன், கிறிஸ்தவன், என் கோயில்காரன். தப்ப வந்தவன் சைவக்காரன். இதில் எந்த மதம் எந்த மதத்தைக் குத்தியது? சொல்லுங்கள் பார்ப்போம்! நோபேட்டை அந்த இடத்திலேயே பிடித்துப் பொலிஸிடம் கொடுத்தது யார்? நமது தெருக்காரர்கள், எல்லா மதத்தாரும் சேர்ந்து.

ஆனால் கதை சும்மா இருக்குமா? கொம்பனித்தெருவுக்குப் போகும்போது செத்தவர்கள் மூன்று பேராகிவிட்டார்கள். கல்கிசைக்குப் போகும்போது கோயில் எரிந்துவிட்டது, நானும் செத்துவிட்டேன். என் மைத்துனர் கல்கிசையிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மலர் வளையத்தோடு ரயிலேறி வந்தார், என் மரணவீட்டுக்கு! நான் கதவைத் திறந்ததும் அவர் முகம் போன போக்கு! உயிரோடு இருந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாகப் போய்விட்டது. அந்த வளையத்தை ஹாஜியார் வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம். முஸ்லிம்கள் மையித்துக்கு மலர் வளையம் வைப்பதில்லை என்று வாசலில் சொன்னார்கள். மதில் ஓரம் வைத்துவிட்டு நின்றோம்.

சிரிப்பது போதும். சனிக்கிழமை பின்னேரம் தொடக்கம் நம் சந்தி பூட்டியிருக்கிறது. இன்றைக்குப் புதன்கிழமை. ஜனாஸா அடக்கம் செய்த அன்று பூட்டினோம், அது மரியாதை. அதற்குப் பிறகு பூட்டியிருப்பது என்ன? சந்திக்குப் பின்னால் வரிசைவீட்டுத் தோட்டத்துக்குள் நோபேட்டின் தாய் மாக்ரெட் இருக்கிறாள். நீங்கள் எல்லோரும் அவள் சுட்ட ஆப்பம் தின்றவர்கள். ஹாஜியார் கடை முன்னால், அந்தப் படங்குக்குக் கீழேதான் அவளுடைய அடுப்பு. நேற்று அவள் வீட்டுக் கூரையில் கல் விழுந்தது. முந்தாநாளும் விழுந்தது. பள்ளிவாசல் பக்கத்துப் பெடியன்கள் கல்லெறிய, எங்கள் பக்கத்துப் பெடியன்கள் கோயில் மதிலுக்குப் பின்னால் பொல்லுத்தடி அடுக்குகிறார்கள். ஆளில்லாத தெருவில் எதுவும் செய்யலாம்தானே!

நோபேட்டை நான் மன்னிக்கவில்லை. அதைச் சுவாமியார் கேட்டால் அவருக்குத் தனியாகப் பதில் சொல்லுகிறேன். வழக்கை நீதவான் பார்க்கட்டும். ஆனால் அந்தத் தாய் என்ன செய்தாள்? குத்துப்பட்டவரின் தலையைத் தன் மடியில் வைத்து, ஆப்பத்துக்கு வைத்திருந்த தண்ணீரைப் பருக்கியவள் அவள். குத்தியது தன் மகன் என்று தெரிந்துகொண்டே பருக்கினாள். அதை நான் என் கண்ணால் கண்டனான்.

இப்போது முன்வரிசையில் இருக்கும் தம்பி ஸமீமிடம் பேசுகிறேன். ஸமீம் ஹாஜியாரின் கூடப்பிறந்த தம்பி. நாளை தொடக்கம் இன்னும் ஒரு கிழமை கடையடைப்பு, நீதி கேட்டு ஊர்வலம் என்று துண்டுப்பிரசுரம் அடித்து வைத்திருக்கிறார். தம்பி, உங்கள் கோபத்தில் எனக்குக் குறை இல்லை. என் அண்ணனுக்கு இப்படி நடந்திருந்தால் நான் உங்களைவிட மோசமாக நின்றிருப்பேன். ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘என் இரத்தத்துக்கு நியாயம் கேளுங்கள் என்பதே தியாகி ஸாலிஹ் ஹாஜியாரின் கடைசி வார்த்தை’ என்று. எங்கள் ஆட்கள் வேறொன்று சொல்லித் திரிகிறார்கள்: ‘அவனை மன்னியுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். இரண்டும் பொய்! சிவமணி முதலாளியின் காரில் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது அவரைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான். முதலாளி முன்னால் இருந்தார். தலைவர் அவர்களே, நான் சொல்வது பிழையென்றால் இந்த இடத்திலேயே மறுத்துச் சொல்லுங்கள்.

கார் சந்தியால் திரும்பும்போது ஹாஜியார் கண்ணைத் திறந்து கடைப் பக்கம் பார்த்தார். கடைப் பெடியன்கள் பயத்தில் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “வெயில் திரும்புது, யேசுரட்ணம். படங்க எறக்கச் செல்லுங்க” என்றார். பிறகு அவர் பேசவில்லை.

அதுதான் கடைசி வார்த்தை. தலைவர் தலையாட்டுகிறார், பாருங்கள். அவர் நியாயமும் கேட்கவில்லை, மன்னிப்பும் கொடுக்கவில்லை. கடையைப் பூட்டாதே என்றார். எத்தனை பின்னேரம் அந்தக் குரல் கேட்டு நான் தெருவைக் கடந்திருக்கிறேன்! அன்று மட்டும் காரை விட்டு இறங்கிப் போக முடியவில்லை. ஐயோ, நானா!

பொறுங்கள். முடித்துவிடுகிறேன். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது.

இன்று காலை ஹாஜியாரின் மனைவி ஷபீகா அம்மா என்னை வரச் சொன்னார். கணவனை இழந்த துக்கத்துக்கு இத்தாவில் இருப்பவர், திரைக்கு அந்தப் பக்கம் இருந்துதான் கதைத்தார். கடைப் பூட்டின் திறப்பைத் திரைக்குக் கீழால் என் பக்கம் தள்ளிவிட்டார். “நாளக்கிக் கடையத் தொறங்க, அண்ணே. எங்கட ஆள் தொறந்தா உங்கட ஆக்கள் பயப்படுவாங்க. நீங்க தொறந்தா ரெண்டு பக்கமும் பாக்கும்” என்றார். சரி என்றேன். எழும்பும்போது, “இன்னொண்டு” என்றார். “மாக்ரெட்டக்காவயும் வரச் செல்லுங்க. அவட அடுப்பு முன்னுக்கு இல்லாட்டி அவர்ட கட தொறந்த மாதிரி ஈக்காது.”

சண்டைக்காரன், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன், திறப்பை மடியில் முடிந்துகொண்டு நேரே சுவாமியாரிடமும் கதீபிடமும் போனேன்.

ஆகவே சபையோரே, ஸாலிஹ் ஹாஜியாரின் பணியை நாம் தொடர்வோம் என்று பெரிய வார்த்தையில் உறுதி எடுக்க எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான். இதோ திறப்பு. நாளை விடிந்ததும் மூலைக்கடையின் முதற்பலகையை நான் கழற்றுவேன். கழற்றும்போது எல்லோரும் வழமைபோல் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு உங்கள் உங்கள் பலகையில் கை வையுங்கள். சுவாமியாரும் கதீபும் மாக்ரெட்டின் வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டி வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். யன்னலுக்கு வெளியே நிற்கும் தம்பிமாரே, கல் வைத்திருக்கும் கையாலோ பொல்லு வைத்திருக்கும் கையாலோ அவளுடைய ஆப்பம் வாங்க முடியாது. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் பின்னேரம் வரும். துறைமுகப் பக்கமிருந்து வெயில் திரும்பும். உள்ளே பட்டு இருக்கிறது. படங்கை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு கயிறு வழக்கம்போல் என்னுடையது. மாவுக்கையோடு தெருவைக் கடந்து வந்து நிற்பேன்.

தம்பி ஸமீம், மற்றக் கயிறு உங்கள் அண்ணனுடையது. நான் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன்.