வரிசைப்படி வாசித்த ஈ.சி.ஜி.

வரிசையில் நிற்கத் தெரியாதவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். ஈ.சி.ஜி. படிப்பதிலும் அப்படித்தான். பயிற்சி டாக்டர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதலில் பெயர் சரியா, ஒயர்கள் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு துடிப்பின் வேகம், தாளம், மின்னோட்டம் பாயும் அச்சு. அதற்கப்புறம்தான் அலைகள். கண்ணில் பட்டதை முதலில் உளறுகிறவர்கள் என் வகுப்பில் தேறமாட்டார்கள்.

என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், இதைக் கைரேகை ஜோசியம் என்பார். குடும்பம் கூடும்போதெல்லாம் உள்ளங்கையை நீட்டி, "டாக்டர் சார், நமக்கு ஆயுசு எவ்வளவுன்னு பாருங்க" என்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் மனைவியும்தான். நானும் சிரித்துவைப்பேன்.

அன்று வகுப்பு நடக்கும்போது அவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தார். நல்ல உதாரணம் தானாக நடந்து வந்தால் விடுவேனா? காகிதம் வெளியே வந்ததும் பயிற்சி டாக்டர் ஒருத்தி பதறினாள்.

"சார், கோடு மேல தூக்கியிருக்கு. ஹார்ட் அட்டாக் சார்."

"அது கடைசில வர்றதும்மா. முதல்ல என்ன பார்க்கணும்?"

"ஒயர் சார்."

கை ஒயர்கள் இடம் மாறியிருந்தால் படம் பொய் சொல்லும். திரும்ப எடுக்கச் சொன்னேன். அதே படம்தான் வந்தது. வேகம் தெரியக் காகிதத்தின் கட்டங்களை எண்ணச் சொன்னேன். அவசரத்தில் தப்பாக எண்ணினாள். மறுபடி எண்ணச் சொன்னேன். சகலை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தார்.

"சகலை, வலி தாங்கல. என்னன்னு பார்த்துச் சொல்லுங்க."

கிண்டலில்லாமல் அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

"பொறுங்க சகலை. ஜோசியம்னா உடனே சொல்லிடலாம். இது படிப்பு, நேரமாகும்."

காகிதத்தில் அலைகளுக்கு வந்தபோது, துடிப்பைக் காட்டும் மானிட்டர் திரையில் அலை இல்லை. அதற்குமேல் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் வரிசைப்படி செய்தேன்.

தூக்கிய கோட்டை முதலில் பார்த்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். காகிதம் பாதி வெளியே வரும்போதே பார்த்துவிட்டேன். அந்தப் பெண் தான் தப்பாக எண்ணியதால்தான் தாமதம் என்று இன்னும் அழுகிறாளாம். அழட்டும் சார். இனி ஆயுசுக்கும் ஒழுங்காக எண்ணுவாள்.