தையல் மிஷினை நிறுத்தச் சொன்னவன் பேசுகிறேன்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் ஓவியர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மனைவியின் படத்தைப் பார்க்க மாட்டாமல் முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் தையல்காரர் அண்ணன் அவர்களே, அச்சகத் தோழர்களே, குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வேலைக்கு நடுவே ஓடி வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் இந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரின் வணக்கம். பின்னால் ஒரு குழந்தை சிணுங்குகிறது. அதன் தாயார் எழுந்து வெளியே போகப் பார்க்கிறார். வேண்டாம் அம்மா, உட்காருங்கள்! இன்று யாருக்காகக் கூடியிருக்கிறோமோ, அவருக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

சற்று முன் இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். முறைப்படி செய்ய வேண்டியதுதான். ஆனால் நம் ஓவியர் அக்கா இங்கே இருந்திருந்தால், அரை நிமிடத்திலேயே "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டிருப்பார். சிரியுங்கள், தப்பில்லை. சிரிக்காமல் அவரை நினைக்க எனக்கும் தெரியவில்லை.

யார் இந்த அம்மையார்? நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் பார்த்த தவளையும் தும்பியும் யார் கை வேலை? அவர் கை வேலை! குழந்தைகள் வார்டில், ஊசிக்குப் பயந்து கத்துகிற பிள்ளை சுவரைப் பார்த்ததும் கத்தலை நிறுத்துகிறதே, அந்தச் சுவர் நெடுக ஓடும் ரயிலும் அதன் நூற்றுப் பன்னிரண்டு பயணிகளும் யார் கை வேலை? அவர் கை வேலை! முப்பத்தெட்டு ஆண்டுகள் வரைந்தாரே, எங்கே உட்கார்ந்து வரைந்தார்? இரண்டாம் மாடியில், ஒன்றரை அறை வீட்டில், சாப்பாட்டு மேஜையின் ஜன்னலோரப் பாதியில் உட்கார்ந்து வரைந்தார்.

மேஜையின் மறுபாதியில் முதலில் மகனின் வீட்டுப்பாடம், பிறகு பேரப்பிள்ளைகளின் சண்டை. நாற்காலிக்குப் பின்னால் அண்ணனின் தையல் மிஷின். கீழே இரும்புக் கதவு செய்யும் பட்டறை. அலமாரி மேல் ஒரு ரேடியோ, அதில் என்ன ஓடுகிறது என்று அவருக்கே தெரியாது. தாளில் வானத்தைப் பூசிவிட்டுப் போய்க் குக்கரை ஏற்றுவார். "எத்தனை விசிலுங்க? மூணா? அப்ப மேகம் போட்டுடலாம்" என்பார். மூன்று விசிலில் தாள் காய்ந்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்து அவர் வேலை செய்து நான் கண்டதில்லை.

நம் சங்கத்துப் பெரிய மனிதர்கள் சிலர் அவருக்கு 'இரைச்சல் அக்கா' என்று பட்டம் கட்டினார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. கோபித்துக்கொண்டாரா? அடுத்த கண்காட்சி விண்ணப்பத்தில் 'புனைபெயர்' என்ற இடத்தில் அதையே எழுதிக் கொடுத்தார்!

இனி, என் கதைக்கு வருகிறேன். நம் சங்கத்துக்கு ஏழாம் விதி என்று ஒன்று உண்டு. முழு உறுப்பினர் ஆக வேண்டுமானால், அமைதியான இடத்தில் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். அதை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தருவது இன்றுவரை என் பொறுப்பு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுப் படியேறினேன். உள்ளே ஒரே அமர்க்களம். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அண்ணனிடம் சொன்னேன்: "கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்துங்களேன், அக்கா நிம்மதியா வரையட்டும்." மிஷின் நின்றது. ரேடியோ நின்றது. ஜன்னலைச் சாத்தினேன். அடுப்பைக்கூட அணைக்கச் சொன்னேன். புண்ணியவான் நான்!

அக்கா தூரிகையை எடுத்து ஆற்றங்கரை ஒன்றை வரைய ஆரம்பித்தார். கோடு பாதியில் நின்றது. மறுபடி ஆரம்பித்தார், நெளிந்தது. மூன்றாவது தாளும் வீணாயிற்று. நான் நோட்டில் எழுதினேன்: 'இடம் இரைச்சலானது. கையிலும் உறுதி போதாது.' அந்த இரண்டு வரியால் அவர் துணை உறுப்பினர் ஆனார். ஓட்டு கிடையாது. கண்காட்சி நடுக்கூடத்தில் படம் மாட்டச் சுவர் கிடையாது. அவர் படங்கள் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து நடையில் தொங்கின. கை கழுவப் போகிறவர்கள் பார்த்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, சட்டை தைக்கக் கொடுத்ததை வாங்கப் போயிருந்தேன். அன்று யாரும் எனக்காக எதையும் நிறுத்தவில்லை. மிஷின் ஓடுகிறது, அக்காவின் தூரிகையும் ஓடுகிறது. அண்ணன் துணியின் ஓரத்துக்கு வந்து மிதியை விடுகிறார், அக்காவும் தூரிகையை எடுக்கிறார். தாளில் ஓர் ஆற்றங்கரை, ஒரே இழுப்பில்! அண்ணனின் ஒரு தையலுக்கு அக்காவின் ஒரு கோடு. அந்தக் கைக்கு மூச்சே அந்தச் சத்தம்தான், அதைத்தான் நான் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. "அன்னைக்கே ஏன் சொல்லல, அக்கா?" என்று கேட்டேன்.

"வீட்டைப் பாக்கத்தானே வந்தீங்க, மாஸ்டர்? நீங்கதான் வீட்டை ஓடவே விடலையே!" என்றார். சொல்லிவிட்டு எனக்குக் காபி போட எழுந்து போனார்.

மறுவாரமே செயற்குழுவில் இதைச் சொன்னேன். "விதி விதிதான்" என்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். பத்து ஆண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. அக்கா துணை உறுப்பினராகவே இறந்துபோனார். அதற்கு யாரைக் குற்றம் சொல்வது? என்னைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சங்கத்தில் விதிப்படி குறையே இல்லாத வேலைக்கூடம் என்னுடையது. கனமான கதவு. குருவி கத்தினால்கூடக் கேட்காது. பதினோரு ஆண்டுகளாக அங்கே நான் ஒரு படமும் வரையவில்லை! வெளிச்சம் சரியில்லை, எதிர்வீட்டு நாய் சரியில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உண்மையில் அந்த அறையில் நான் மதியம் தூங்குகிறேன். ஆனால் எனக்கு ஓட்டு உண்டு, நடுக்கூடத்தில் சுவர் உண்டு. அக்காவுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

தலைவர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'இது இரங்கல் கூட்டம், சங்க விவகாரம் வேண்டாம்.' ஐயா, நான் இதற்குத்தான் இரங்குகிறேன். இதை விட்டால் எனக்கு இரங்குவதற்கு வேறு என்ன இருக்கிறது?

அக்காவின் மருமகள் இங்கே இருக்கிறார். அதே மேஜையில், அதே ஜன்னலோரத்தில் வரைகிறவர். அக்கா போன நான்காம் நாளே அந்தப் பெண் தாளை விரித்தார். அதைப் பார்த்துத்தான் அண்ணன் போய் மிஷினில் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் நாளைக்குச் செயற்குழுவுக்கு வருகிறது. மூன்று நாளைக்கு முன் எனக்குப் போன் செய்தார். என்ன கேட்டார் தெரியுமா? "சார், நீங்க பாக்க வர்ற அன்னைக்குப் பசங்களை எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடவா? மாமாவோட மிஷினை மொட்டை மாடிக்கு ஏத்திடச் சொல்றாங்க எல்லாரும். ஏத்திடவா?"

பெற்ற பிள்ளைகளை ஒளித்துவைத்தால்தான் ஓவியர் என்று ஒப்புக்கொள்வோமா? ஒரு தையல்காரரைத் தன் வீட்டிலிருந்தே கிளப்பினால்தான் மருமகளுக்கு நடுக்கூடத்தில் சுவரா? அந்தப் பெண்ணை இப்படிக் கேட்க வைத்தது யார்? நாம்தான்! அக்காவுக்கு இழைத்த அநியாயத்தை இன்னொரு தலைமுறைக்கும் எழுதிவைக்க நான் தயாராக இல்லை.

"ஒண்ணையும் நகர்த்தாதேம்மா" என்று சொல்லிவிட்டு நேற்று நானே போனேன். ஒரு மணி நேரம் இருந்தேன். அறிக்கை இதோ இருக்கிறது, படிக்கிறேன்: 'மிஷின் ஓடியது. குக்கர் ஐந்து விசில் அடித்தது. கீழே இரும்பு அறுத்தார்கள். சின்னவன் பெரியவனைக் கடித்தான், விண்ணப்பதாரர் இடது கையால் இருவரையும் பிரித்துவிட்டார். வலது கை தாளிலிருந்து எழவில்லை. கொக்கின் கழுத்தை மூன்று முறை, மூன்றையும் ஒரே இழுப்பில் வரைந்தார். இடம் தொழிலுக்கு ஏற்றது. முழு உறுப்பினராகச் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன்.'

அக்காவின் பெயரால் உறுதி சொல்கிறேன். ஏழாம் விதியை நீக்கும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்பேன். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். வெளியே போகச் சொன்னால் வாசலில் நின்று பேசுவேன். என்னோடு நிற்கிறவர்கள் இப்போதே எழுந்திருங்கள்.

நன்றி. செவிலியர் சகோதரிகள் எழுந்துவிட்டார்கள். அச்சகத்தார் எழுந்துவிட்டார்கள். அண்ணா, நீங்கள் உட்காருங்கள், உங்களுக்கு முழங்கால் வலி... சரி, நில்லுங்கள்.

தலைவர் அவர்களே, இந்த அறிக்கை நாளைக்குச் செல்ல வேண்டுமானால் உங்கள் கையெழுத்து வேண்டும். மலர்வளையம் வைத்தீர்கள், சந்தோஷம். இதையும் இங்கேயே, இத்தனை பேர் முன்னால் போடுங்கள். பேனா இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது.