புகையில்லை

பெட்டியின் மேல் அச்சாகும் எழுத்துகளை யாரும் படிப்பதில்லை என்பார்கள். நான் படிப்பேன், மெய்ப்புத் திருத்துபவனுக்கு அதுதான் வேலை. இருபத்தாறு ஆண்டுகளில் என் மேசையைத் தாண்டி ஒரு பிழையும் வெளியே போனதில்லை.

மின் சிகரெட் முதலாளி எங்கள் அச்சகத்துக்கு வந்தது சென்ற ஆண்டு. பேனா அளவுக் கருவி. உறிஞ்சினால் பழ வாசனை.

“பெட்டியில ‘புகையிலைச் சத்து’ன்னு கொட்டை எழுத்துல இருக்குங்க. பசங்க எடுக்குறாங்க, படிக்கிறாங்க, வெச்சிட்டுப் போயிடுறாங்க. சட்டத்துலயும் மாட்டக் கூடாது, சரக்கும் தேங்கக் கூடாது. ஏதாவது பண்ணுங்க ஐயா.”

‘புகையிலை’யில் ஓர் ‘ல்’ சேர்த்தேன். பின்னால் நின்ற சொல்லை நீக்கினேன். ‘புகையில்லை’ என்றாயிற்று. பொய் அன்று; அந்தக் கருவியிலிருந்து வருவது ஆவி. ‘நிகோடின் உண்டு’ என்பதையும் மறைக்கவில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் வைத்தேன்.

“ஒரே எழுத்துல கதையை முடிச்சிட்டீங்களே! நீங்க வக்கீலாப் போயிருக்கணும்” என்று முதலாளி சிரித்தார்.

எழுத்துக் கோக்கும் அம்மாள் மட்டும் தாளை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தாள். “அண்ணே, ஒரு எழுத்து கூடுதலா விழுந்திருக்கு.”

“விழலம்மா. நான்தான் போட்டேன்.”

“வீட்டுல வயசுப் புள்ளையை வெச்சுக்கிட்டா?”

தாளை வாங்கி அச்சுக்கு அனுப்பினேன். கேள்வி இலக்கணத்தைப் பற்றியது அன்று.

எட்டு மாதங்கள் கழித்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளின் பையில் அந்தப் பெட்டியைக் கண்டேன்.

“என்னப்பா முறைக்கிறீங்க? நீங்க அடிச்ச டப்பாதானே. புகையில்லைன்னு நீங்களே போட்டிருக்கீங்க.”

பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டியிருக்கலாம். காட்டினால் மேற்பக்கத்துக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

பிறகு அவள் பாடப் புத்தகத்தில் ஒரே வரியை நான்கு முறை படித்தாள். கருவி கைக்கு எட்டாத நேரங்களில் விரல்கள் நடுங்கின. தாயிடம் எரிந்து விழுந்தாள். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். அத்தனையையும் கவனித்தேன். கவனிப்பது என் தொழில்.

காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக, பேசவும் முடியாமலிருந்த அவளை மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் எங்கள் இருவரையும் தனியே அழைத்தார். “புகைப்பழக்கம் உண்டா? மறைக்காம சொல்லுங்க. அதை வெச்சுத்தான் வைத்தியம்.”

“ஐயோ, எம் பொண்ணு அப்படியெல்லாம் கிடையாதும்மா” என்று பதறிய என் மனைவி, என் தோளைத் தொட்டாள். “நீங்க சொல்லுங்களேன்.”

“புகை இல்லை” என்றேன்.

கிருமித் தொற்று என்று நான்கு நாள்கள் மருந்து கொடுத்தார்கள். நான்கு நாள்களும் அவள் கட்டிலருகில்தான் இருந்தேன். ஐந்தாம் நாள் துணி எடுக்க வீட்டுக்குப் போன என் மனைவி, அந்தக் கருவியோடு ஓடி வந்தாள். மருத்துவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று மாலை என் மகள் இறந்தாள்.

தெரிந்தே சொல்லாமலிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இன்ஸ்பெக்டர் ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: மருத்துவர் கேள்வியைப் பிழையில்லாமல் கேட்டிருந்தால், என் மகள் பிழைத்திருப்பாள்.