‘விடு’ என்று நான் சொன்னது

என் பெயர் அர்த்தநாரி. தகப்பனார் பெயர் நல்லண்ணன், காலமாகிவிட்டார். வயது நாற்பத்தேழு. சேலம் ஜில்லா, ஆட்டையாம்பட்டிக்கு அடுத்த ஓடைக்காட்டுப்புதூரில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். இண்டர்மீடியட் வரை படித்திருக்கிறேன். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, ஒரு மொட்டை மனுவின் பேரில் வேலையிலிருந்து நீக்கப்பட்டேன். இப்போது ஏரி மராமத்து காண்ட்ராக்டர் தீர்த்தகிரியிடம் ரைட்டராக இருக்கிறேன். அவர் பள்ளிக்கூடத்தில் எனக்கு நாலு வகுப்பு கீழே படித்தவர். இதை யாரும் கேட்கவில்லை என்றாலும் பதிவாக வேண்டும் என்று சொல்கிறேன்.

இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க எனக்குக் கட்டாயம் இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு விரோதமாகவே பயன்படலாம் என்றும் சப் மாஜிஸ்திரேட் அவர்கள் விளக்கிச் சொன்னார்கள். யோசிக்க அவகாசமும் கொடுத்தார்கள். யோசிக்க ஒன்றும் இல்லை. அஜாக்கிரதையாக வண்டியை நகர்த்தி ஆளைக் கொன்றதாக டிரைவர் ராயப்பன் மேல் வழக்கு எழுதி அவனை லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, நானாகவே வந்து சொல்கிறேன்.

இறந்துபோன காளியண்ணன் எனக்குப் பங்காளி, என் சித்தப்பா மகன், என்னைவிட ஏழு வயது இளையவன். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் யார் எப்போது இறைப்பது என்று தகராறு வந்தது. அதன் பிறகு என் தாயார் இறந்தபோது பாடைக்குத் தோள் கொடுக்க அவன் வரவில்லை. அன்றைக்கு அவன் காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்ததை, பாடையின் முன்னால் போன நான் பார்த்தேன். அதிலிருந்து ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. ஊரார் கூட்டி வைத்துப் பேசியபோது, அவன் முதலில் பேசட்டும் என்று நான் சொன்னேன். அவனும் அதையே சொன்னான். எனக்குத் தெரியவேண்டியது ஏதாவது இருந்தால் பக்கத்தில் நிற்கிற ஆளிடமோ மாட்டிடமோ சொல்வான். நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

சென்ற சனிக்கிழமை, 1946-ம் வருஷம் நவம்பர் ஒன்பதாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்த்தகிரியும் நானும் ராயப்பனும் ஜீப்பில் ஏறி எங்கள் ஊர் ஏரியின் மதகைப் பார்க்கப் போனோம். சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் போட்டதில் தீர்த்தகிரி எடுத்த ஜீப் அது. நாலு சக்கரமும் இழுக்கும், எந்தச் சேற்றிலும் போகும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வந்தார். ராயப்பன் சேலம் டவுனைச் சேர்ந்தவன், பட்டாளத்தில் மோட்டார் ஓட்டியவன். கரை மேலேயே சுற்றிப் போகலாம் என்று அவன் சொன்னான். ஏரிக்குள் இறக்கி நேராக விடச் சொன்னார் தீர்த்தகிரி. ஏரி மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருந்தது. மேலே காய்ந்தால் உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை என்பது அந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். என்னை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மதகுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. முன் சக்கரங்கள் அதைத் தாண்டிக் கரைச் சரிவில் ஏறிவிட்டன. பின் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. ராயப்பன் முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் வண்டி இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தது. சேறு கூழாக, கறுப்பாக, நாற்றத்தோடு மேலே வந்தது. அதன் பிறகு அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு, “இனி எடுத்தா அச்சு தரையில உக்காந்துரும், முதலாளி” என்றான். சேர்வராயன் மலைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டிருந்தது. மேலேரி நிரம்பிக் கோடி விழுந்து, தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது என்று முதல் நாளே ஊரில் பேச்சு இருந்தது. அந்தத் தண்ணீர் நாங்கள் நின்ற பள்ளத்துக்குத்தான் முதலில் வரும்.

அதன் பிறகு தீர்த்தகிரி கரைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் இருந்த காளியண்ணனைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டார். அவன் தன் உழவு மாடுகளோடும், மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும் வடக்கயிற்றோடும் வந்தான். அவன் மச்சினன் குமாரசாமியும் வந்தான். காளியண்ணன் கரையில் நின்று கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்துவிட்டு மாட்டின் கழுத்தைத் தட்டி, “பாத்தியாடா செவலை, நாலு சக்கரமும் இழுக்குமாமா. இழுத்துத்தான் இருக்குது, உள்ளாற” என்றான். குமாரசாமி சிரித்தான்.

“நக்கலுக்கு நேரமில்லீங்க காளியண்ணா, தண்ணி வாரதுக்குள்ள ஏத்தோணும்” என்றார் தீர்த்தகிரி.

“ஏத்திப்போடலாமுங்க. படிச்சவங்களைக் கூட வெச்சுக்கிட்டே எறக்கியிருக்கறீங்க, படிக்காதவன் ஏத்தறதுக்கு என்னங்க” என்றான். இதையும் அவன் மாட்டைப் பார்த்துத்தான் சொன்னான்.

அதன் பிறகு வடத்தை ஜீப்பின் முன் கொக்கியில் கட்டி, குமாரசாமி மாடுகளைக் கரை மேல் ஓட்டினான். மாடுகள் முன்னங்காலை மடக்கி இழுத்ததில் வண்டி ஒரு முழம் ஏறி நின்றது. பிரேக்கில் சேறு புகுந்துவிட்டதால் அது பிடிக்கவில்லை. வடம் விறைப்பாக இருக்கிற வரையில்தான் வண்டி நிற்கும், வடம் தளர்ந்தால் பின்னால் வரும். இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மாடுகளை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, பின் சக்கரங்களுக்கு அடியில் கல்லும் சோளத்தட்டும் கொடுப்பது என்று முடிவாயிற்று. காளியண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி வண்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் தோள் வரைக்கும் சேற்றுக்குள் விட்டுக் கல் அடைத்தான்.

ராயப்பன் இன்ஜினைப் போட்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து, “பின்னால நடக்கறது எனக்குத் தெரியாது. கியரைப் போட்டுக் கிளச்சை மிதிச்சுக்கிட்டே இருக்கேன். விடுன்னு குரல் வந்தா விடுவேன், வராட்டி கால் அசையாது” என்றான். கிளச்சை விட்டால் வண்டி முன்னால் பாயும். கரை மேல் இருந்த குமாரசாமிக்கு இந்தப் பேச்சு கேட்டிருக்காது. கவலை இறைக்கிறவர்களுக்கு ‘உடு’ என்றால் ஒரே அர்த்தம்தான். தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கும்படி மாட்டைப் பின்னால் விட்டு வடத்தைத் தளர்த்துவது. இந்த இரண்டும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த இடத்தில் இரண்டையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அதன் பிறகு தீர்த்தகிரி என்னைப் பார்த்து, “அர்த்தநாரி, நீ நடுவுல நின்னு அவன் சொல்றதை முன்னால சொல்லு” என்றார். என்னை அவர் நீ என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் காளியண்ணனுக்கும் பேச்சில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் வண்டியின் இடது பக்கத்தில் முழங்கால் சேற்றில் நின்றேன். அங்கிருந்து காளியண்ணனின் முதுகு தெரிந்தது. முகம் தெரியவில்லை. சக்கரத்துக்கும் அவன் தலைக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. எழுந்து விலகாமல் அவன் சொல்லமாட்டான் என்று நினைத்தேன்.

அவன் விலகவில்லை. படுத்தபடியே, “உடச் சொல்லுங்க” என்றான். வலியில் கத்துகிற குரல் அல்ல, சாதாரணமான குரல். கல் பொருந்திவிட்டது, வண்டியை எடுக்கச் சொல் என்றானா, கை மாட்டிக்கொண்டது, இழுப்பதை விடச் சொல் என்றானா, இல்லை வேறு எதையாவது சொன்னானா என்று எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. நான் முன்பக்கம் திரும்பி, “விடு” என்று உரக்கச் சொன்னேன். தாலுகா ஆபீசில் பேசிய பழக்கத்தில் அப்படித் திருத்தமாகத்தான் எனக்கு வரும். யாரை, எதை என்று சேர்த்துச் சொல்லவில்லை.

ராயப்பன் கிளச்சை விட்டான். குமாரசாமி மாட்டைப் பின்னால் விட்டான். இரண்டு பேரும் நான் சொன்னதைத்தான் செய்தார்கள். ஜீப் கல்லின் மேல் ஏறி ஒரு சாண் தூரம் முன்னால் போயிற்று. வடம் தரையில் தொய்ந்து விழுவதைப் பார்த்தேன். அதன் பிறகு இன்ஜின் நின்றது. அதன் பிறகு வண்டி அவசரமில்லாமல் பின்னால் வந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. சேற்றில் காலை வைத்தால் வருகிற சத்தம்தான் வந்தது.

அவனை எடுப்பதற்காக மறுபடியும் வடத்தை இழுக்க வேண்டியிருந்தது. அப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. தீர்த்தகிரி கையைத் தூக்கினால் குமாரசாமி மாட்டை ஓட்டினான், கையைத் தாழ்த்தினால் நிறுத்தினான். ராயப்பன் சேற்றில் படுத்து வெறுங்கையால் தோண்டினான். இன்ஜின் சத்தம் நின்றுபோனதைக் கவனித்துக் காட்டிலிருந்து காளியண்ணன் மனைவி சின்னாயி வந்தாள். வெளியே எடுத்தபோது அவன் வாய் நிறைய ஏரி மண் இருந்தது. அவள் அதை விரலால் தோண்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முழுவதும் எடுத்தான பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “பெரியவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா” என்று கேட்டாள். அவனைக் கட்டிலில் வைத்துக் கரைமேல் ஏற்றும்போது கட்டிலின் ஒரு காலுக்கு ஆள் குறைந்தது. நான் பிடித்தேன். சின்னாயி என் கையை எடுத்துவிட்டு அவளே பிடித்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் பள்ளத்தில் தண்ணீர் வந்துவிட்டது. ஜீப் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

மறுநாள் காலையில் தீர்த்தகிரி என் வீட்டுக்கு வந்தார். அவர் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. “நீ ஒண்ணும் சொல்லலை, டிரைவர் தானாத்தான் எடுத்துப்போட்டான், அவ்வளவுதான். பங்காளிப் பகைன்னு சின்னாயி போலீஸ்ல எழுதி வெச்சிருக்கறா, உன் கழுத்துக்குத்தான் வரும். அவன் வெளியூர்க்காரன். அவனுக்கு மாதா கோயில் சாமியாருங்க வந்து பாத்துக்குவாங்க” என்றார். என்னை அவர் காப்பாற்றுவதாகவும் சொன்னார். என் வாயிலிருந்து வந்த சொல்லை நான் சொல்லவே இல்லை என்று ஆக்குவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராயப்பன் மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. அவன் என் எதிரிலேயே பீடி பிடிக்கிறவன். ஆனால் குரல் வந்தால் விடுவேன் என்று முன்கூட்டியே சொன்னான், குரல் வந்தது, விட்டான். அவன் செய்ததில் பிசகு இல்லை. குமாரசாமி செய்ததிலும் இல்லை.

மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்ட கேள்விக்கு: காளியண்ணன் சாகவேண்டும் என்று நினைத்து நான் சொல்லவில்லை. அவனுக்கு நல்லது நடக்கவேண்டும் என்று நான் ஆறு வருஷமாக நினைத்ததும் இல்லை.

கேள்விக்கு: எதை விடுவது என்று அவனைத் திருப்பிக் கேட்க நேரம் இருந்தது. இன்ஜின் ஒரே நிலையில் ஓடிக்கொண்டிருந்தது, மாடுகள் நின்றிருந்தன, யாரும் அவசரப்படுத்தவில்லை. ‘எதை’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்ற கேள்விக்கு: மேலே அவன் சொன்னதாக நான் சொல்லியிருப்பதில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது. விட்டுப்போகவில்லை, நான் சொல்லாமல் வைத்திருந்தேன். அவன் சொன்னது, “ஏனுங்ணா, உடச் சொல்லுங்க” என்பது. அங்கே அவன் அண்ணா என்று கூப்பிடக்கூடியவன் என்னைத் தவிர யாரும் இல்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவன்தான் முதலில் பேசினான். என் காதில் விழுந்தது அது ஒன்றுதான். தோற்றுவிட்டான் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் திரும்பி ‘விடு’ என்று சொன்னேன். மற்றதை அவன் எதற்காகச் சொன்னான் என்று அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை.

இதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார், நானும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதை ‘உட’ என்றும் நான் சொன்னதை ‘விடு’ என்றும் எழுதியிருப்பது சரி. இரண்டையும் ஒரே சொல்லாகத் திருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இதில் கண்டவை யாவும் நான் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் வாயால் சொல்லியும் நடந்த உண்மைகள். யாருடைய பயத்துக்காகவும் தயவுக்காகவும் சொன்னவை அல்ல.

(ஒப்பம்) ந. அர்த்தநாரி