சுவரில் மூன்று தட்டு

செம்பூரில் ரயில் ஏறிய பெண்ணின் போனில் ஒரு ராக் பாட்டு சத்தமாக ஓடியது. இந்த வருஷம் எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். நடுவில் டொக் டொக் டொக்கென்று மூன்று தட்டு விழும். கிட்டார் சட்டென்று நிற்கும். பிறகு தொடங்கும்.

எனக்கு எதிரே, காலி இட்லிப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தவள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“அந்தத் தட்டு நாந்தான் மைனி.”

“ஏளா, என்ன சொல்லுத?”

“பாடுதவன் தாராவியில எங்க பக்கத்துக் கோலியில, ஒத்தச் சுவரு ரூமுலதான் வாடகைக்கு இருந்தான். நான் விடியமுன்ன எந்திச்சு இட்லி அவிக்கிறவ. மத்தியானம் கண்ணசரும்போதுதான் கித்தாரத் தூக்குவான். சுவத்துல மூணு தட்டு தட்டுவேன், நிறுத்திருவான். ஒருநா அத அப்பிடியே போன்ல பிடிச்சு, அவன் மொதப் பாட்டுல வச்சுட்டான்.”

“இப்ப எங்க இருக்கான்?”

“பெரிய ஆளாயிட்டான், பாந்த்ராவாம். கோலி பூட்டிக் கெடக்கு. எனக்கு மத்தியானத் தூக்கமே போச்சு.”

குர்லா வந்தது. பாத்திரத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

“இந்தப் பாட்டப் போட்டுட்டுத்தான் படுப்பேன். அந்த எடம் வரும்போது நானும் சுவத்துல தட்டுவேன். ஒடனே நிறுத்திருதான் மைனி. இப்பவும்.”