அப்பா ஒப்புக்கொண்ட குற்றம்

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக அம்மாவிடம். நாளை அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் நான் வாசிக்க வேண்டியதைச் சித்தப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அது கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது. நான் பேசப்போவது இது.

தலைமை ஏற்று வீற்றிருக்கும் தெருச் சங்கத் தலைவர் அவர்களே! தலை கொடுத்து என் தந்தையை வாழவைத்த பெரியோர்களே! தலைகுனிந்து அமர்ந்திருக்கும் என் தாயே, தாய்மார்களே! என் அக்காவைப் பெண் கேட்டு வந்து, முன்வரிசையில் இருக்கும் வீட்டாரே! வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள்! ஒரே சலூன், ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி. உங்களில் எத்தனை பேருடைய முதல் தாடியை மழித்தவர் அவர்? எத்தனை நோயாளிகளின் கட்டிலருகே கத்தரியோடு போய் நின்றவர்? கடை மூடினால் வீடு. வீட்டில் எங்கள் இருவருக்கும் சடை பின்னிக்கொண்டே, "சத்தமா வாசிங்கடி, அப்பாவும் படிக்கிறேன்" என்பார்.

ஏன் சத்தமாக? அவருக்கு எழுத்து தெரியவில்லை! நான்கு ஆண்டுகளாகப் பார்வை மங்கி மங்கி, நிழல் மட்டுமே மிஞ்சியிருந்தது. தெரியுமா உங்களுக்கு? தெரியவிடவில்லை அவர். சீப்பு இடது ஓரம், கத்தரி நடுவில், மெஷின் வலது ஓரம். ஆளுக்கு ஒரு நேரம். கடிகாரம் அடித்தால் ஆள் தெரியும், வாய் திறந்தால் உறுதியாகும்.

ஞாயிறு காலை ஏழு மணி, ஓய்வுபெற்ற தபால்காரருக்கு. அவருக்கு எப்போதும் ஒட்ட மெஷின். ஒரு ஞாயிறு அவருக்குக் காய்ச்சல். அந்த நேரத்தில், பல்வலியோடு, கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் நமது தலைவர்.

"எப்பவும் போலத்தானே?" என்றார் அப்பா.

"உம்" என்றார் தலைவர்.

அவ்வளவுதான், அவையோரே! பிடரியில் வைத்த மெஷின் உச்சியில் போய்த்தான் நின்றது. இந்தப் பக்கத்து முடியை அந்தப் பக்கம் வாரி, பல்லாண்டு பாதுகாத்த வழுக்கை வெளிச்சத்துக்கு வந்தது!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சாப்பாட்டோடு வாசலில் நின்ற நானும் சிரித்தேன்.

ஆனால் தலைவர் அவர்களே, துள்ளி எழுந்து என்ன கேட்டீர்கள்? "யோவ், காலங்காத்தால குடிச்சிருக்கியா?"

அப்பா மெஷினை நிறுத்தினார். "ஆமாங்க ஐயா. மன்னிச்சிடுங்க."

வாய் நாறவில்லையே என்று ஒருவராவது யோசித்தீர்களா?

"ஏம்ப்பா அப்படிச் சொன்னே?" என்று வீட்டில் அழுதேன்.

"கத்தாதடி கழுத. பிள்ளைங்களுக்கும் வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. குடிகாரன் பொண்ணக் கேட்டு ஆள் வரும். கண்ணு போனவன் பொண்ணக் கேட்டு யாரு வருவா? அக்கா கல்யாணம் முடியட்டும்."

அன்றிலிருந்து நாற்காலி காலி. எதிரே வந்தால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினீர்கள். போன மாதம் சாலையில் லாரி ஒலி எழுப்பியது. அப்பா ஒதுங்கினார், லாரி வந்த பக்கமே ஒதுங்கினார். தள்ளாடி விழுந்தார் என்றீர்கள்!

"குடியை விட்டிருந்தால் இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருப்பார்." இது சித்தப்பா எழுதிய வரி. இதை நான், அவர் மகள், என் வாயால் சொல்ல வேண்டுமாம்!

"சொல்லிட்டுப் போடி" என்கிறாள் அம்மா. "செத்தவருக்கு என்ன மானம்? இருக்கறவளுக்கு வாழ்க்கை வேணும்."

அம்மா சொல்வது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. இருந்தாலும், பெண் கேட்டு வந்தவர்களே, சொல்கிறேன்! அக்காவின் கண்கள் இன்று நன்றாக இருக்கின்றன. நாளை எப்படியோ, யாருக்கும் தெரியாது. தெரிந்தே கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எழுந்து போங்கள். ஆனால் குடிக்காத ஒரு மனிதரைக் குடிகாரர் என்று சொல்லி வழியனுப்பாதீர்கள்! மகள்களுக்காகத் தன் பெயரையே மழித்துப் போட்டவர் அவர். இதுவரை பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி சொல்லி, என் தந்தையின் சார்பில்

கதவு தட்டும் சத்தம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அம்மா என்று நினைத்தேன். அக்கா.

"திறடி. கட்டிக்கப் போறவ நான்தானே? மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டு."