பிராக்டிகல் தள்ளிப்போன விதம்

காலையில் காங்கேயம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், பிரின்சிபால் ஐயா, அன்றைக்கு முழுக்க நான் நல்ல பையன்.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருடம் என்பது மாட்டு வண்டியில் லாரிப் பாரம் ஏற்றுகிற வேலை. குவாண்டம், நியூக்ளியர், எலக்ட்ரானிக்ஸ், போதாததற்கு வாராவாரம் ரெக்கார்டு. எண்ணெய் மில் வைத்திருக்கும் எங்கப்பாகூட மெஷின் தாங்குகிற அளவுக்குத்தான் கொப்பரை போடுவார். லேபில் இதைச் சொன்னேன். துறைத்தலைவர் லட்சுமணசாமி சார் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"எண்ணெய் ஆட்டறதுக்கு எதுக்குங்க தம்பி பிசிக்ஸு? போயி கொப்பரை காயப்போடுங்க."

அந்த 'ங்க'தான் எரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை. விலை ஏறும்வரை சரக்கை வெளியே எடுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான்.

இந்தத் தொண்ணூற்றாறு மார்ச்சில், பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தைய வாரம், எனக்கு மெட்ராஸ் ஐ வந்தது. ஒன்றும் படித்திருக்கவில்லை. தள்ளிவையுங்கள் என்று கேட்டேன்.

"உங்க ஒருத்தருக்காகவா?" என்றார் சார்.

நியாயம்தான். ஒரு கடை மூடினால் நஷ்டம். வீதியே மூடினால் கடையடைப்பு.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு லேபுக்குப் போனேன். இருட்டறையில் ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் வரிசையாக இருந்தன. கண்ணைத் துடைத்த கைக்குட்டையாலேயே ஒவ்வொன்றின் ஐபீஸையும் துடைத்தேன். பொறுமையாக.

முதலில் வந்தவன் என் லேப் பார்ட்னர் கிருபா.

"என்னடா, லேப் மேல திடீர்னு பாசம்?"

"உங்களுக்கெல்லாம் சுத்தமா இருக்கோணுமில்ல."

"உங்கப்பன் பாத்தா மயங்கி உளுந்துருவாரு" என்று சிரித்தபடியே குனிந்து கண்ணை வைத்தான்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று வருடமாக எனக்கும் சேர்த்து ரீடிங் எடுத்தவன், அதற்கு முந்தின வாரம், "இனி முடியாதுடா, எனக்கே நேரமில்ல" என்று சொல்லியிருந்தான். நிறுத்தவில்லை.

வகுப்பே சிவந்தது. பரீட்சை தள்ளிப்போனது. சார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிடைத்த அவகாசத்தில் எல்லாரும் படித்தோம், எழுதினோம். ஒருவனும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

கிருபா மட்டும், ஆஸ்பத்திரிக்குப் போனால் பாடம் பாக்கி விழும் என்று புத்தகத்தோடே கிடந்தான். அவன் அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் பிழிந்துவிட்டார்கள். கருவிழியில் புண் வைத்து, வலது கண் போய்விட்டது.

பூவைப் பிழிந்தது நானில்லை. கைக்குட்டை என்னுடையது. கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

அவன் படிப்பை விடப்போகிறானாம். தேவையே இல்லை. ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஒரு கண் போதும், ஐயா. இன்னொன்றை நாங்கள் மூடிக்கொண்டுதானே பார்க்கிறோம்.